ஜவ்வு கிழிந்தால் உடனே ஆபரேஷனா?

கபடியில் பிடிபட்டுத் திமிறும்போது பாதம் தரையில் ஊன்றியிருக்க, முழங்கால் மட்டும் முறுக்கிக்கொள்ளும். உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் மூட்டுக்குள் ரத்தம் கட்டிக் கால் வீங்கிவிடும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘ஏ.சி.எல். முழுக் கிழிசல்’ என்று வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்?” என்பதுதான். இந்தக் காலுக்கு ஆபரேஷன் தேவைதானா என்பதை யாரும் கேட்பதில்லை.

முழங்காலின் உட்பக்கவாட்டு ஜவ்வு தனியாகக் கிழிந்தால், பெரும்பாலும் பிரேஸும் பயிற்சியுமே போதும், கூடிவிடும். சிக்கல், மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் ஏ.சி.எல். ஜவ்வில்தான். அது மூட்டுத் திரவத்துக்கு நடுவே இருப்பதால், கிழிந்த முனைகளுக்கிடையே ரத்தக்கட்டு நிலைத்து நிற்காது. தானாக ஒட்டவே ஒட்டாது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அதனால் தொடையின் பின்புறத் தசைநாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு, புது ஜவ்வாகப் பொருத்துவது வழக்கமாயிற்று.

அந்த வழக்கத்தை ஸ்வீடன் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். புதிதாக ஜவ்வு கிழிந்த, விளையாட்டில் ஈடுபாடுள்ள 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சில வாரங்களிலேயே ஆபரேஷனும் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். மறு பிரிவுக்கு முதலில் பிசியோதெரபி மட்டும். அதற்குப் பிறகும் முழங்கால் நழுவினால்தான் ஆபரேஷன். 2010-ல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகள் கழித்து வலியிலோ, அன்றாட நடமாட்டத்திலோ, விளையாட்டிலோ இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. காத்திருந்த 59 பேரில் 23 பேர் அதற்குள் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். ஐந்து ஆண்டில் அந்த எண்ணிக்கை அவர்களில் பாதிப் பேராக உயர்ந்தது. மற்ற பாதிப் பேருக்குக் கத்தியே படவில்லை.

இதை வைத்து ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2022-ல் பிரிட்டனில் 316 பேரிடம் நடந்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: ஆபரேஷன் செய்தவர்களே கூடுதலாகத் தேறினார்கள். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் புதிதாக அடிபட்டவர்கள் அல்ல. நாள்பட்டும் முழங்கால் நழுவும் தொல்லையோடு இருந்தவர்கள் அவர்கள். என் பார்வையில் இரண்டும் முரண்படவில்லை. புதுக் காயத்துக்கு முதலில் பயிற்சி. நாள்பட்டும் நழுவுகிற மூட்டுக்கு ஆபரேஷன். ஒவ்வொரு நழுவலிலும் உள்ளிருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் திண்டு நசுங்கலாம். அது போனால் மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் வரும். ஆபரேஷன் செய்தாலும் தேய்மானம் வராது என்ற உத்தரவாதம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தானாக ஒட்டாது என்ற பழைய நம்பிக்கையைச் சோதிக்க, ஆஸ்திரேலியாவில் முழங்காலை 90 டிகிரி மடக்கி நான்கு வாரம் பிரேஸில் வைத்து, பிறகு மெல்ல மெல்ல நீட்டிப் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் 80 பேரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஸ்கேனில் ஜவ்வு கூடியிருந்தது. ஒப்பிட மறு பிரிவு இல்லாத ஆய்வு அது. காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் இருப்பதால், வீட்டில் முயன்று பார்க்கிற விஷயமல்ல.

ஆபரேஷன் இல்லை என்றால் ஓய்வு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தவறு இங்கேதான் நடக்கிறது. அடிபட்ட சில வாரங்களிலேயே தொடைத் தசை கண்ணுக்குத் தெரியும்படி இளைத்துவிடும். முழங்காலுக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்துவதில் தொடங்கி, ஒற்றைக் காலில் நின்று, உட்கார்ந்தெழுந்து, குதித்து, நல்ல காலின் பலத்தில் 90 சதவீதமாவது வரும்வரை மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். பத்து நாள் பிசியோதெரபியோடு நிறுத்திவிட்டு, “பயிற்சியால் பலனில்லை” என்று சொல்வது நியாயமே அல்ல. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இதே உழைப்புதான். ஒன்பது மாதத்துக்கு முன் மைதானத்தில் இறங்கினால் மறுபடி அடிபடும் வாய்ப்பு அதிகம்.

காத்திருக்கக் கூடாதவர்களும் உண்டு. கிழிந்த மெனிஸ்கஸ் இடையில் சிக்கி முழங்கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டவர்கள், ஒரே அடியில் பல ஜவ்வுகள் அறுந்தவர்கள் தாமதிக்காமல் சர்ஜனைப் பார்க்க வேண்டும். திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுக்கே மீண்டும் போகத் துடிக்கிறவர்களுக்கும் ஆபரேஷன் பக்கமே தராசு சாயும். இந்த விளையாட்டு வீரர்களுக்கும்கூட வீக்கம் வற்றி, கால் முழுதாக நீண்ட பிறகே பெரும்பாலான சர்ஜன்கள் தேதி கொடுப்பார்கள். வீங்கிய மூட்டில் செய்தால் அது விறைத்துப்போகும் அபாயம் கூடுதல். ஆகவே தாமதிக்கக் கூடாதவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, முடிவு எதுவானாலும், முதல் சில வாரம் பிசியோதெரபிக்குப் போவதால் இழப்பு எதுவும் இல்லை.