செயின்ட் ஹெலினாவில் கடைசித் தாவல்

கேப்டவுனிலிருந்து சுமார் 1,700 கடல் மைல். 1996இல் தொடங்கிய கவர்னர்ஸ் கோப்பைப் பாய்மரப் படகுப் பந்தயம் முடியும் இடம், தெற்கு அட்லாண்டிக்கில் தனித்துக் கிடக்கும் செயின்ட் ஹெலினா தீவு.

முதல் சில நாள் குளிரும் பெரிய அலையும். பிறகு பின்னாலிருந்து தென்கிழக்குக் காற்று தள்ளுகிறது. பலூன்போல் உப்பும் ஸ்பின்னக்கர் பாயை இரவெல்லாம் கண்கொட்டாமல் கவனிக்க வேண்டும்.

தீவின் ஜேம்ஸ்டவுன் நகருக்கு முன்னால் எல்லைக்கோட்டைத் தாண்டினாலும் வேலை முடிவதில்லை. அங்கே திறந்த கடல்தான். படகைக் கரையோடு அணைத்துக் கட்ட முடியாது. மிதவையில் கட்டிவிட்டுச் சிறு படகில் கல்படிக்கட்டை நெருங்க வேண்டும். அலை உயரும் நொடியில், மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பற்றித் தாவினால்தான் கரை. பல நாள் ஆடிய தளத்தில் பழகிய கால்களுக்கு அது லேசான காரியமல்ல.

தீவுக்குப் பயணிகள் விமானச் சேவை 2017இல்தான் வந்தது. அதுவரை, தீவிலிருந்து ஊர் திரும்ப வழக்கமான வழி ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா கப்பல்.