உங்களுக்குத் தெரியுமா? தீவுக்காரர் ஏறும் சிவனொளிபாதமலை!

யாழ்ப்பாணத் தீவகத்தில் நம்ம ஊர் நாரந்தனையில் மலை இல்லை. குன்றுகூட இல்லை! அண்ணாந்து பார்க்க இருப்பது பனைதான். நன்றாக வளர்ந்த பனை 30 மீற்றர் போகும். சிவனொளிபாதமலையோ 2,243 மீற்றர். ஒன்றின் தலையில் ஒன்றாக ஏறக்குறைய 75 பனை!

அந்த மலைக்குப் போக ராஜ ஏற்பாடு செய்துகொடுத்தவர் யார் தெரியுமா? நம்ம யாழ்ப்பாண அரசர்! ஆண்டு 1344. மொரோக்கோவில் புறப்பட்டு உலகம் சுற்றிய இபின் பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மலைக்குப் போகவேண்டும் என்று கேட்டார். கொடுத்தார் பாருங்கள்! ஒரு பல்லக்கு. அதைச் சுமக்க ஆட்கள். வருசாவருசம் மலைக்குப் போய்ப் பழகிய 4 யோகிகள். 3 பிராமணர். பரிவாரத்தார் 10 பேர். சாப்பாட்டுச் சாமான் தூக்க மட்டும் 15 பேர்! பல்லக்குத் தூக்கியவர்களை விட்டுவிட்டு எண்ணினாலே 32! நாம் ஒரு முதுகுப்பைக்கே மூச்சு வாங்குகிறோம்.

இன்னொன்று. அரசருக்குப் பாரசீக மொழி விளங்குமாம்! இபின் பதூதாவே எழுதிவைத்திருக்கிறார்!

அப்போதே மலைக்கு 2 பாதைகள். ஆதம் பெயரில் ஒன்று, ஏவாள் பெயரில் ஒன்று. ஏவாள் பாதை இலகு. ஆதம் பாதையில் இரும்புச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறவேண்டும். இலகுவான பாதையால் போனவர் யாத்திரை போனதாகவே கணக்கில்லை!

அட்டைக்கடியும் அவர் குறிப்பில் இருக்கிறது! மருந்து? கடித்த அட்டைமேல் தேசிக்காய்ச் சாறு! 680 வருசம் ஓடிவிட்டது. இன்றைக்கும் மலையேறுபவர் பையைத் திறந்து பாருங்கள்: அட்டைக்கென்றே உப்பு, சவர்க்காரக் கட்டி!

அட்டைக்கு எத்தனை கண்? 10! தாடை 3! கடிக்கும்போது வலிக்காது. சொக்ஸ் சிவந்த பிறகுதான் தெரியும்!

மலையடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர். படிகள் 5,500 என்பார்கள். ஏறும்போது நெஞ்சு இடிக்கும். அது பரவாயில்லை. இறங்கும்போது முழங்கால் தானாக ஆடும் பாருங்கள், அதுதான் கொடுமை!

ஊரில் வேர்த்துக்கொண்டு பஸ் ஏறுபவர் சுவெற்றரை மறக்கவேண்டாம். அதே மலைநாட்டு நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின்மேல் பனி உறையும். இது இலங்கையில்தான்!

மலையேறும் வழியில் இந்திகட்டுபான என்றோர் இடம். முதன்முறை போகிறவர்கள் அங்கே ஊசியில் நூல் கோர்த்துக் குத்திவிட்டு, நூலை விட்டுக்கொண்டே ஏறுவார்கள். பாதையோரமெல்லாம் வெள்ளை நூல்!

உச்சியில் ஒரு பாதச்சுவடு. சைவருக்குச் சிவன். பௌத்தருக்குப் புத்தர். முஸ்லிம்களுக்கு ஆதம். கிறிஸ்தவர்களில் சிலருக்குப் புனித தோமையார். ஒரு பாதம், 4 சமயம்!

சூரியன் உதித்ததும் உடனே மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் கச்சிதமான முக்கோணமாக விழும்! மலை கூம்பாக இருப்பதால் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! எந்த வடிவ மலையானாலும், உச்சியில் நின்று பார்த்தால் நிழல் முக்கோணம்தான்!

ஆறே இல்லாத தீவுக்காரருக்கு இன்னொரு அதிசயம். களனி கங்கை, களு கங்கை இரண்டுக்கும் இந்த மலைக்காடுதான் தாய்வீடு!

இவ்வளவு பேர்பெற்றதே, இலங்கையில் இதுதான் உயரமா? கிடையாது! பீதுருதாலகாலை 2,524 மீற்றர். 281 மீற்றர் கூட!

இன்னும் நடக்க ஆசையா? தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் ‘பீக்கோ’ நடைபாதை இருக்கிறது. 22 கட்டம், 300 கிலோமீற்றருக்கு மேல்!

சிவனொளிபாதமலையில் எத்தனையாவது தடவை ஏறினீர்களோ, உச்சி மணியை அத்தனை தடவை அடிக்கலாம். புதியவருக்கு ஒரே அடி!

மணி அடித்த கையோடு ஒரு பிளேன்ரீ குடித்தால் எப்படி இருக்கும்! ஆனால் அங்கே காற்றழுத்தம் நம்ம ஊரைவிட ஏறக்குறைய 24 சதவீதம் குறைவு. தண்ணீர் 100 பாகை வரை சுடாது. 93 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும்!