பர்மிங்ஹாம் நூலகத்தின் இரு திருமறை ஏடுகள்

அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் கொன்றுவிடும் எண்ணத்துடன் வாளேந்திப் புறப்பட்ட உமர், தம் சொந்தச் சகோதரியே இஸ்லாத்தைத் தழுவிவிட்டார் என்ற செய்தியை வழியில் கேள்வியுற்று, சினம் தலைக்கேற அவர் இல்லம் நோக்கித் திரும்பிய வரலாறு நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரிந்ததே. உள்ளே கப்பாப் (ரலி) அவர்கள் அச்சகோதரிக்கும் அவர்தம் கணவருக்கும் திருவசனங்களைக் கற்பித்துக் கொண்டிருந்தார்கள். உமரின் காலடி ஓசை கேட்டதும் கப்பாப் மறைந்து கொண்டார்கள். சகோதரி பாத்திமா கையிலிருந்ததை மறைத்துக் கொண்டார். அடித்த அடியில் சகோதரியின் முகத்தில் இரத்தம் வழிந்தது. அதைக் கண்டு மனம் இளகிய உமர், மறைத்ததைக் காட்டுமாறு கேட்டார். உடலைத் தூய்மை செய்துகொண்டு வந்தாலன்றித் தரமாட்டேன் என்றார் அச்சகோதரி. அவ்வாறே செய்து, வாங்கிப் படித்தார் உமர். அவர் படித்தது சூரா தாஹாவின் தொடக்கம். அதன்பின் நடந்தது வரலாறு.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடும் பொருள் ஒன்று உண்டு. அது பாத்திமாவின் கையிலிருந்த அந்த ஏடு. திருமறை நெஞ்சங்களில் மனனமாகப் பதிந்ததோடு, மக்காவின் நெருக்கடியான அந்நாட்களிலேயே ஏட்டிலும் எழுதப்பட்டு, வீட்டுக்கு வீடு மறைவாகக் கைமாறியிருக்கிறது என்பதற்கு அது சான்று.

அந்த ஏடு இன்று நம்மிடம் இல்லை. எனினும், அதே தாஹாவின் தொடக்க வசனங்களைத் தாங்கிய மிகப் பழைமையான தோல் ஏடு ஒன்று இங்கிலாந்து நாட்டில், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ஆய்வு நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அங்கே யாரும் அதன் வயதை உணராமலே அது இருந்தது.

இரண்டே இரண்டு ஏடுகள், இருபுறமும் எழுதப்பட்டவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் உயரமும் 26 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. முதல் ஏட்டில் சூரத்துல் கஹ்ஃபின் 17 முதல் 31 வரையிலான வசனங்கள் உள்ளன. குகைத் தோழர்கள் உறங்கிய நிலையும், வாயிலில் கால்களை விரித்துக் கிடந்த நாயும், அவர்கள் தங்கியிருந்த ஆண்டுகளின் கணக்கும் வருகின்ற பகுதி அது. வெள்ளிதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் அதே பகுதிதான். இரண்டாம் ஏட்டில் சூரா மர்யமின் இறுதி எட்டு வசனங்களும், அதனைத் தொடர்ந்து தாஹாவின் முதல் 40 வசனங்களும் இடம்பெற்றுள்ளன.

எழுத்து ஹிஜாஸி எனப்படும் பழைய வகையைச் சேர்ந்தது. சற்றே வலப்புறம் சாய்ந்து நிற்கும் நெடிய கோடுகள் அதன் அடையாளம். இன்று நம் கையிலுள்ள முஸ்ஹஃபில் காணும் ஜபர், ஜேர், பேஷ் முதலிய குறிகள் எவையும் அதில் கிடையா. எழுத்துகளைப் பிரித்தறியும் புள்ளிகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே உள்ளன. மதரஸாவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் கொடுத்தால் ஓர் எழுத்தையும் கூட்டிப் படிக்க இயலாது. ஆனால் நெஞ்சில் குர்ஆனைச் சுமந்த ஹாபிழ் ஒருவர், இது கஹ்ஃபின் வசனம் என்று அடையாளம் கண்டுகொண்டால், வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டே போய்விடுவார். அக்கால எழுத்துமுறை நினைவாற்றலுக்குத் துணையாக அமைந்ததேயன்றி, அதற்கு மாற்றாக அமைந்ததன்று. சில சொற்களில் நெடிலுக்குரிய அலிஃப் எழுதப்படாமல் விடப்பட்டிருப்பது போன்ற எழுத்து வேறுபாடுகளைத் தவிர, வாசகம் நாம் இன்று ஓதுவதோடு ஒத்திருக்கிறது.

மிங்கானாவும் கேட்பரியும்

இந்த ஏடுகள் பர்மிங்ஹாமுக்கு வந்து சேர்ந்த கதை விந்தையானது. இராக்கின் வடபகுதியில், மோசூல் வட்டாரத்தில் பிறந்தவர் அல்ஃபோன்ஸ் மிங்கானா. கல்தேயக் கிறிஸ்தவக் குருவாக இருந்தவர். சிரியாக், அரபு ஆகிய மொழிகளில் ஆழ்ந்த புலமை மிக்கவர். 1913-இல் இங்கிலாந்துக்கு வந்தார். பின்னர் மான்செஸ்டர் நகரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். நம் குழந்தைகள் பெயரறிந்த கேட்பரி சாக்லேட் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த எட்வர்டு கேட்பரி என்பார், பர்மிங்ஹாமின் செல்லி ஓக் பகுதியைச் சமய ஆராய்ச்சிக்குரிய ஓர் இடமாக்க விரும்பிப் பொருளுதவி செய்தார். அவ்வுதவியுடன் மிங்கானா 1924, 1925, 1929 ஆகிய ஆண்டுகளில் மத்திய கிழக்கு நாடுகளில் பயணம் செய்து சுவடிகளைத் திரட்டினார். இன்று மிங்கானா தொகுப்பு என்று வழங்கும் அச்சேகரத்தில் 3,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி இஸ்லாமிய அரபுச் சுவடிகளே என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

நாம் பேசும் ஏடுகள் அப்பயணங்களில் கிடைத்தவையல்ல. 1936-இல் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரைச் சேர்ந்த எரிக் வான் ஷெர்லிங் என்ற பழஞ்சுவடி வணிகரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டவை. அடுத்த ஆண்டே மிங்கானா காலமாகிவிட்டார்.

இங்கேதான் வரலாறு ஒரு விசித்திரமான வளைவு எடுக்கிறது. இதே மிங்கானா 1916-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். திருக்குர்ஆன் உதுமான் (ரலி) அவர்களின் காலத்தில் நூல்வடிவம் பெற்றதாக முஸ்லிம்கள் கூறுவதை ஏற்க இயலாது. அப்துல் மலிக் கலீபாவின் காலத்தில்தான், அதாவது 685-க்குப் பின்னரே, அது முறையான ஒரு நூலாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு அவர் காட்டிய ஆதாரம் என்ன? அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் அப்படியொரு நூலைப் பற்றிக் குறிப்பிடவில்லை என்பதே. பக்கத்து வீட்டுக்காரர் நம் வீட்டுப் பேழையைப் பற்றிப் பேசவில்லையெனில், பேழையே இல்லை என்று முடிவு கட்டுவது போன்ற வாதம் இது. ஆயினும் அக்கருத்து மேலைநாட்டு ஆராய்ச்சி உலகில் வெவ்வேறு உருவங்களில் நெடுநாள் உலவிற்று. அதனை அசைக்கவல்ல ஏடுகளோ அவர் பெயரைத் தாங்கிய தொகுப்பிலேயே மௌனமாகக் கிடந்தன.

மிங்கானாவை நாம் பழிக்க வேண்டியதில்லை. கருத்தில் அவர் பிழைபட்டிருக்கலாம். அவர் திரட்டிய தொகுப்பு நூலகமாக நின்றதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேச முடிகிறது.

சரி, எண்பது ஆண்டுகள் யாரும் கவனியாதது எப்படி? ஒரே ஒரு கட்டுமானத் தவறுதான் காரணம். இவ்விரு ஏடுகளும், வேறொரு பழைய குர்ஆனைச் சேர்ந்த ஏழு ஏடுகளும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டு, 1572 என்ற ஒரே எண்ணின்கீழ்ப் பட்டியலில் பதியப்பட்டிருந்தன. ஏழும் இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒத்த எழுத்தே. அல்பா ஃபெடெலி என்ற இத்தாலிய ஆராய்ச்சி மாணவி தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஏடுகளை ஒவ்வொன்றாக நுணுகி ஆராய்ந்தபோதுதான், இவை ஒரே நூலின் பகுதிகள் அல்ல என்பது தெளிவாயிற்று. அதன்பின், இரண்டு ஏடுகளின் தோலைக் காலக்கணிப்புச் சோதனைக்கு உட்படுத்துவது என நூலகம் முடிவு செய்தது.

தோல் சொல்வதும் சொல்லாததும்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அச்சோதனை நடைபெற்றது. உயிருள்ள ஆடு, மாடு யாவும் தாம் மேயும் புல்லின் வழியாகக் கதிரியக்கக் கார்பனைச் சிறிதளவு உடலில் ஏற்கின்றன. உயிர் பிரிந்ததும் அவ்வரவு நின்றுவிடுகிறது. உள்ளிருப்பதும் மெல்ல மெல்லக் குறைகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால், அப்பிராணி ஏறத்தாழ எப்போது இறந்தது என்று கணக்கிடலாம். இதன் முடிவு 2015 ஜூலை 22 அன்று அறிவிக்கப்பட்டது. தோல் கி.பி. 568-க்கும் 645-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது; இதற்கான நிகழ்தகவு 95.4 விழுக்காடு. அண்ணலார் (ஸல்) அவர்கள் வாழ்ந்த காலம் கி.பி. 570 முதல் 632 வரை என்பதை நினைவிற் கொண்டால், அன்று உலகெங்கும் எழுந்த பரபரப்புக்குக் காரணம் விளங்கும். ஏடுகளைக் கண்டபோது மகிழ்ச்சியால் தம் கண்கள் கலங்கியதாகப் பர்மிங்ஹாம் மத்திய மஸ்ஜிதின் தலைவர் கூறினார்.

பரபரப்பில் இரு தரப்பாரும் தடுமாறினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 568 என்ற முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, நபி பிறப்பதற்கு முன்பே குர்ஆன் இருந்ததோ என்று மேலைநாட்டு ஏடுகள் சில எழுதின. இது கணக்கறியாத பேச்சு. 568 முதல் 645 வரையிலான எழுபத்தேழு ஆண்டுகளுக்குள் எங்கோ ஒரு காலத்தில் என்பதுதான் சோதனையின் விடை. விருப்பமான முனையைப் பிய்த்தெடுத்துக் கொள்ள அது இடந்தராது. நம்மவர்களில் சிலரோ மறுமுனைக்குப் பாய்ந்தனர். அபூபக்கர் (ரலி) அவர்கள் தொகுப்பித்த முஸ்ஹஃபின் பகுதியே இது என்று உறுதியாகப் பேசினர். அவ்வாறு சொல்வதற்கும் ஆதாரமில்லை.

சோதனை கூறுவது பிராணியின் தோல் உரிக்கப்பட்ட காலத்தை. எழுதுகோல் ஓடிய நாளை அது கூறாது. பதப்படுத்திய தோலைச் சில காலம் வைத்திருந்து எழுதியிருக்கவும் கூடும். வசனங்களின் முடிவில் கொத்தாக இடப்பட்ட புள்ளிகளும், மர்யமுக்கும் தாஹாவுக்கும் இடையே பிரிப்புக் குறி இருப்பதும் உதுமான் (ரலி) அவர்களின் காலத்தையோ, அதற்குச் சற்றுப் பிந்திய காலத்தையோ காட்டுகின்றன என்று கருதும் அறிஞர்கள் உளர். முஸ்லிம் அறிஞர்களும் அவர்களுள் அடங்குவர். மறுபுறம், இந்த அளவில் ஒரு முழு முஸ்ஹஃப் எழுத எத்தனையோ பிராணிகளின் தோல் வேண்டும். அவ்வளவு பொருட்செலவில் உருவாக்கியதைப் பல்லாண்டுகள் எழுதாமல் வைத்திருப்பார்களா என்ற வினாவும் நியாயமானதே.

நடுநிலையோடு நோக்கினால் நாம் துணிந்து கூறத்தக்கது இதுதான்: சூரா கஹ்ஃப், மர்யம், தாஹா ஆகியவை இன்று நாம் ஓதும் வாசகத்தில், ஹிஜ்ரி முதல் நூற்றாண்டுக்குள் தோலில் எழுதப்பட்டுவிட்டன. இதற்குத் துணையாக ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள எழுபத்தேழு ஏடுகளைச் சொல்லலாம். 1864-இல் அந்நூலகம் வாங்கிய அவ்வேடுகளின் தோல் கி.பி. 649-க்கும் 675-க்கும் இடைப்பட்டது என 2014-இல் கணிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, அப்துல் மலிக்கின் காலம் வரை காத்திருக்க வேண்டும் என்ற பழைய வாதத்திற்கு நிற்க இடம் அரிது.

இன்னொன்றும் தோன்றுகிறது. நம் ஈமான் ஓர் ஆய்வுக்கூடத்தின் விடைக்காகக் காத்திருந்ததில்லை. 2015-க்கு முன்பும் நம் மூதாட்டிகள் வெள்ளிக்கிழமைகளில் கஹ்ஃப் ஓதத்தான் செய்தார்கள். ஆதலால் இவ்வாராய்ச்சியை அச்சமின்றி, மிகைப்படுத்தலுமின்றி நம்மால் அணுக முடியும். வயது ஐம்பது ஆண்டு கூடினாலும் குறைந்தாலும் நமக்கு இழப்பேதுமில்லை.

பாரிஸிலுள்ள தோழர்கள்

இவ்விரு ஏடுகளும் தனித்தவை அல்ல. எழுதிய கையும் ஏட்டின் அமைப்பும் ஒத்த பதினாறு ஏடுகள் பாரிஸ் நகரின் தேசிய நூலகத்தில் உள்ளன. எகிப்து நாட்டில் பிரெஞ்சுத் தூதரகப் பணியில் இருந்த அஸ்லாந் தெ ஷெர்வில் என்பவர் அங்கே திரட்டிய சுவடிகளைச் சேர்ந்தவை அவை. 1822-இல் அவர் இறந்தபின், 1833-இல் அச்சேகரம் பாரிஸ் நூலகத்தின் உடைமையாயிற்று. கெய்ரோவின் பழம்பகுதியான ஃபுஸ்தாத்தில், எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் சுவடிக் குவியலிலிருந்தே இவை வந்தன என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தேய்ந்து கிழிந்த முஸ்ஹஃபுகளை எறியாமல் பள்ளியின் ஓர் அறையில் மரியாதையுடன் ஒதுக்கி வைப்பது அன்றைய வழக்கம். நம் ஊர்ப் பள்ளிகளிலும் இன்றுவரை தொடர்ந்துவரும் வழக்கந்தான். அந்த மரியாதையே இந்த ஏடுகளைக் காத்திருக்கிறது. யார் கையால், எப்போது பிரிந்து இரண்டு ஏடுகள் மட்டும் லெய்டன் வணிகரை வந்தடைந்தனவோ, இறைவனே அறிவான்.

2015 அக்டோபர் 2 முதல் 25 வரை, பல்கலைக்கழகத்தின் பார்பர் கலைக்கூடத்தில் ஏடுகள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒன்றாகக் கட்டப்பட்டிருந்த ஒன்பது ஏடுகளில் இரண்டும் ஏழும் இப்போது 1572 என்ற பழைய எண்ணோடு தனித்தனி அடையாள எழுத்துப் பெற்றுள்ளன. ஏடுகளின் நிழற்படங்களைப் பல்கலைக்கழகமே வெளியிட்டிருப்பதால், உலகின் எந்த மூலையில் இருப்போரும் அவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

பர்மிங்ஹாம் ஏடு தாஹாவின் 40-ஆம் வசனத்தோடு முடிகிறது. பாரிஸ் ஏடுகளில் அதே சூரா 99-ஆம் வசனத்திலிருந்து தொடர்கிறது. இடையிலுள்ள ஐம்பத்தெட்டு வசனங்களைத் தாங்கிய பகுதி, மூஸா (அலை) அவர்கள் பிர்அவ்னின் அவைக்குச் சென்று வாதிடும் பகுதி, இன்னும் எங்கும் அடையாளம் காணப்படவில்லை.