விதைக்காசும் மனமும்

அறுவடை முடிந்து, விளைச்சலை விற்ற காசு கைக்கு வருகிறது. அடுத்த போகத்தின் விதைக்கும் பசளைக்கும் அதில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய கடன், பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, உறவினர் வீட்டுக் கலியாணம் என்று ஒவ்வொன்றாக வர, விதைக்கும் வேளையில் கை வெறுமையாகிவிடுகிறது. "எங்களுக்குச் சேமிக்கத் தெரியாது" என்று நம்மை நாமே குறைகூறிக்கொள்கிறோம். இது சரியா?

குறை மனிதரில் மட்டும் இல்லை என்கிறார்கள் மனித மனத்தையும் பணப்பழக்கத்தையும் ஆராய்ந்தவர்கள். காசு வரும் நாளுக்கும் அது தேவைப்படும் நாளுக்கும் இடையிலுள்ள தூரமே பெரிய காரணம்.

அறுவடை நாளில் வாங்கிய பசளை

மேற்குக் கென்யாவின் புசியாப் பகுதியில் சோளம் பயிரிடும் விவசாயிகள் பசளையின் பயனை நன்கு அறிவார்கள். ஆயினும் அதை இடவேண்டிய காலத்தில் அவர்களிடம் பணம் இருப்பதில்லை. எஸ்தர் டுஃப்லோ, மைக்கல் கிரெமர், ஜொனதன் ரொபின்சன் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு சிறு மாற்றத்தைச் செய்து பார்த்தனர். அறுவடை முடிந்த கையோடு விவசாயியின் வீட்டுக்கே ஆள் சென்று, "இப்போது பணம் கட்டுங்கள்; பசளையை இலவசமாக வீட்டில் கொண்டுவந்து தருவோம்" என்று கூறினார்கள். விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. ஆயினும் பசளை வாங்கியோர் தொகை கணிசமாக உயர்ந்தது. பின்னர், பசளை இடும் காலத்தில் பாதி விலைக்குக் கொடுத்தபோது கிடைத்த பலனுக்கு இது ஏறத்தாழ ஈடாக இருந்தது. இந்த ஆய்வு 2011இல் வெளியானது.

நாளைய நன்மை மனதுக்குத் தூரத்தில் தெரிகிறது. இன்றைய தேவை கண்முன்னே நிற்கிறது. ஆகவே நல்ல தீர்மானத்தைக் காசு கையில் இருக்கும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும்.

திறப்பு வங்கியில்

பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தீவில் கிராமிய வங்கி ஒன்று 2003இல் தன் வாடிக்கையாளர் சிலருக்குப் புதுவகைக் கணக்கொன்றை அறிமுகப்படுத்தியது. வட்டி சாதாரண கணக்குக்குரியதே. ஆனால் வாடிக்கையாளர் தாமே குறித்த திகதி வரும்வரை, அல்லது தாமே குறித்த தொகை சேரும்வரை, பணத்தை எடுக்க முடியாது. விரும்பியோருக்குப் பூட்டிய உண்டியல் பெட்டியும் கிடைத்தது. பெட்டி வீட்டில் இருக்கும். திறப்பு வங்கியில் இருக்கும்.

தம் காசைத் தாமே பூட்டிவைக்க யார் முன்வருவார்? நூற்றுக்கு 28 பேர் முன்வந்தார்கள். ஒரு வருடத்தின் பின், இக்கணக்கு அறிமுகப்படுத்தப்பட்டவர்களின் சேமிப்பு, ஏனையோருடன் ஒப்பிடுகையில் சராசரியாக 81 சதவீதம் கூடியிருந்தது.

உண்டியல் கைத்தொலைபேசிக்குள்

இன்று இதே பூட்டை மென்பொருள் செய்கிறது. கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா மூலம் மக்கள் கைத்தொலைபேசியிலேயே பணம் அனுப்பவும் பெறவும் முடிந்தது. 2012இல் அதனுடன் இணைந்து வந்த எம்-ஷ்வாரி சேவையில் சேமிப்புக் கணக்கும் உண்டு. பிற்பாடு, குறித்த காலத்துக்குப் பணத்தைப் பூட்டிவைக்கும் வசதியும் அதில் சேர்ந்தது.

நினைவூட்டலும் உதவுகிறது. பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் சேமிப்பாளர்களுக்குக் குறுஞ்செய்தியோ கடிதமோ அனுப்பிப் பார்த்தார்கள். சேமிப்பு ஏறத்தாழ 6 சதவீதம் கூடியது. "சேமியுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எதற்காகச் சேமிக்கிறார் என்பதையும் குறிப்பிட்ட செய்தி கூடிய பயன் தந்தது.

அதே கத்தி, மறுபக்கம்

மனதை அறிந்து செய்யும் மென்பொருள் நம்மைக் கெடுக்கவும் கூடும். அமெரிக்காவில் பங்குகளை வாங்கி விற்க உதவும் ரொபின்ஹூட் என்னும் செயலி, சில வேளைகளில் திரையில் வண்ணக் காகிதத் துகள்களைத் தூவிக் கொண்டாடியது. மக்களைச் சூதாட்டம்போல் ஈர்க்கிறது என்ற கண்டனத்தின் பின் 2021இல் அது கைவிடப்பட்டது. கண்டனத்துக்குக் காரணம் உண்டு. 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் பங்குக் கணக்குகளை ஆராய்ந்தபோது, மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் வருடத்துக்கு 11.4 சதவீதமே ஈட்டினர். சந்தையின் சராசரியோ 17.9 சதவீதம்.

மேலே சொன்ன எம்-ஷ்வாரியும் சேமிப்போடு கடனையும் கைத்தொலைபேசியிலேயே தருகிறது. ஆகவே எந்தச் சேவையில் சேர முன்னரும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இங்கே காசைப் போடுவது சுலபமா, அல்லது கடன் எடுப்பதும் செலவழிப்பதும் சுலபமா?

நாம் செய்யக்கூடியவை

இவற்றுக்குக் கைத்தொலைபேசி கட்டாயமில்லை. கூலி கிடைத்த அன்றே, கடைக்குப் போகுமுன், ஒரு சிறு தொகையைப் பிரித்து வையுங்கள். அதற்கு "விதை", "கொப்பி", "கூரை" என்று ஒரு பெயர் கொடுங்கள். பெட்டி உங்களிடம் இருந்தால், திறப்பை நம்பிக்கையான இன்னொருவரிடம் கொடுங்கள். நாம் அறிந்த சீட்டும் இந்த மனவியலிலேயே இயங்குகிறது: மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதால் தவறாமல் கட்டுகிறோம்.

எல்லாவற்றையும் பூட்டிவிடவும் வேண்டாம். நோய் வந்தால் எடுக்க ஒரு பங்கு திறந்தே இருக்கட்டும். அன்றாடச் சாப்பாட்டுக்கே போதாத வருமானத்தை எந்தப் பூட்டும் பெருக்காது. அந்தக் குடும்பத்துக்குத் தேவை வேலையும் நிலமும். ஆனால் நிலத்துக்குத் திரும்பும் நாள் வரும்போது, முதல் விதைக்கு இன்னொருவரிடம் கைநீட்டாதிருக்க, இன்றைய சிறு தொகை உதவும்.