பச்சைப் போர்வையைச் சுற்றி ஒரு வகுப்பு

அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று உணர்வதை அறிவுரையால் குழந்தைகளுக்குப் புகட்ட முடியாது. பழகித்தான் வர வேண்டும். வகுப்பறையில் யாரை வைத்துப் பழகுவது? கனடாவின் டொரான்டோவில் மேரி கார்டன் 1996-இல் தொடங்கிய ‘ரூட்ஸ் ஆஃப் எம்பதி’ திட்டம் ஒரு கைக்குழந்தையை வைத்து என்கிறது. அக்கம்பக்கத்துக் குடும்பம் ஒன்று, கல்வியாண்டின் தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு மாதமே ஆன தன் குழந்தையுடன் வரத் தொடங்கி, ஆண்டுக்குள் ஒன்பது முறை வருகிறது. ஒவ்வொரு வருகைக்கு முன்னும் பின்னும் பயிற்சி பெற்ற ஒருவர் பாடம் நடத்துகிறார்; மொத்தம் 27 வகுப்புகள்.

தரையில் பச்சைப் போர்வை, சுற்றிலும் மாணவர்கள். குப்புறப் படுத்திருக்கும் குழந்தை பொம்மைக்குக் கை நீட்டுகிறது, எட்டவில்லை. உதடு பிதுங்குகிறது. பாப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒரு பிள்ளை கோபம் என்கிறது, இன்னொன்று பசி என்கிறது. பிறகு, உனக்கு எப்போது இப்படி இருந்தது என்று கேள்வி அவர்கள் பக்கமே திரும்புகிறது. இந்தத் திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். பக்கத்து பெஞ்சுப் பையன் அழுதால், அவன் நண்பனா, சண்டைக்காரனா, மக்குப் பையனா என்ற கணக்கு முந்திக்கொள்கிறது. கைக்குழந்தையிடம் அந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அது வாய்விட்டுச் சொல்லாது, நடிக்கவும் தெரியாது. முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

பிறர் மனதைப் படிக்கத் தெரிந்தவர் எல்லாம் நல்லவராகிவிடுவாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, எந்தச் சொல் குத்தும் என்பது வம்புக்கிழுப்பவனுக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் தாயோ தந்தையோ கூடவே இருப்பது முக்கியம். பசி என்று நினைத்துப் பால் கொடுத்துப் பார்க்கிறார், அழுகை நிற்கவில்லை, தோளில் சாய்த்துத் தட்டுகிறார். புரிந்துகொண்டால் ஏதாவது செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்க்கிறார்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வட அயர்லாந்திலிருந்து வருகிறது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகம் 74 தொடக்கப் பள்ளிகளில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் இந்தத் திட்டத்தைச் சோதித்தது. ஆண்டு முடிவில் உதவும் குணம் சற்றுக் கூடியிருந்தது, சிக்கலான நடத்தை சற்றுக் குறைந்திருந்தது. மூன்று ஆண்டுகளில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆதரவாளர்கள் இதை மூடி மறைக்கக் கூடாது. ஆனால் வாய்ப்பாடும் சொல்லிப் பார்க்காவிட்டால் மறந்துதான் போகும். அதற்காகக் கணக்கு வகுப்பை யாரும் எடுத்துவிடுவதில்லை. ஓராண்டுப் பழக்கம் ஆயுளுக்கும் தாங்கும் என்ற எதிர்பார்ப்புதான் தவறு.

அந்தப் பழக்கத்தைத் தொடரும் மீதி வேலை வகுப்பாசிரியர் கையில். பாடநேரம் வீணாகும் என்று அவர் அஞ்சலாம். இதற்கெனத் தனிப் பீரியடே வேண்டாம். பென்சிலுக்காக இருவர் முட்டிக்கொள்ளும்போது “சாரி சொல்லு” என்று முடித்துவிடாமல், “அவன் முகத்தைப் பார், இப்போ அவனுக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க இரண்டு நிமிடம் போதும்.