கடை விளக்கின் உண்மையான விலை



துவரம் பருப்பு கொள்முதலுக்கு நாலு இடத்தில் விலை கேட்கிறோம். கிலோவுக்கு 50 காசு குறைந்தால் அங்கே போகிறோம். கடைக்கு விளக்கு வாங்கும்போது மட்டும் அட்டையில் உள்ள விலையோடு நின்றுவிடுகிறோம். விளக்கை வாங்கும் செலவு சிறிது, எரிக்கும் செலவுதான் பெரிது.

கணக்கைப் பார்ப்போம்

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். பழைய 40 வாட் டியூப் லைட்டில் காப்பர் சோக்கும் தன் பங்குக்கு 10 வாட்டுக்கு மேல் தின்கிறது. ஆகவே 50 வாட் என்று வையுங்கள். பத்து டியூப், தினம் 12 மணி நேரம், வருடம் 350 நாள் என்றால் 2,100 யூனிட். கணக்கிற்காக யூனிட் ரூ.10 என்று கொண்டால் ரூ.21,000.

அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. பட்டிகள் பத்து எரிந்தால் 840 யூனிட், ரூ.8,400. வருட மிச்சம் ரூ.12,600. பட்டி ஒன்று ரூ.250, மாட்டும் கூலி ரூ.500 என்றால் மொத்த முதல் ரூ.3,000. மூன்று மாதத்திற்குள் முதல் திரும்பிவிடும்.

நூற்றுக்கு 5 ரூபாய் நிற்கும் வியாபாரத்தில் ரூ.12,600 சம்பாதிக்க ரூ.2,52,000-க்குச் சரக்கு விற்க வேண்டும். கடனும் கொடுக்க வேண்டும், வசூலுக்கும் அலைய வேண்டும். விளக்கில் அந்தத் தொல்லை இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். வெளிச்சத்தின் அளவு லூமன். லூமனை வாட்டால் வகுத்து, எண் அதிகமாக வருவதை எடுங்கள்.

2. பில்லும் உத்தரவாதமும் இல்லாத மலிவுச் சரக்கு வேண்டாம். 25,000 மணி நேரம் உழைக்கும் விளக்கு நம் கடையில் ஆறு வருடம் வரும். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் ஆறு மாதத்தில் போகிற விளக்கு மலிவல்ல.

3. எல்.இ.டி.க்கு எதிரி சூடு. தகரக் கூரையை ஒட்டியோ காற்றுப் புகாத கூட்டுக்குள்ளோ மாட்டினால் ஆயுள் குறையும்.

4. நிறம் காட்டும் தன்மை (சி.ஆர்.ஐ.) 80-க்குக் குறையாமல் இருக்கட்டும். மிளகாய் வற்றலும் மஞ்சளும் வெளிறித் தெரிந்தால் சரக்கின் மேல்தான் பழி விழும்.

5. பழைய பட்டியிலேயே எல்.இ.டி. டியூப் மாட்டுவதானால், அட்டையில் உள்ள இணைப்புப் படத்தின்படி எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோக்கை நீக்கிவிடுங்கள்.

செலவில்லாத சிக்கனம்

மாவும் மிளகாய்த் தூளும் பறக்கும் கடையில் விளக்கில் தூசி படிந்து வெளிச்சம் மங்கும். மாதம் ஒருமுறை சுவிட்சை நிறுத்தித் துடையுங்கள். சுவருக்கு வெள்ளை அடியுங்கள். கிடங்கில் வரிசைக்கு ஒரு சுவிட்ச் வைத்தால் ஒரு மூட்டை எடுக்க எல்லா விளக்கையும் போட வேண்டியதில்லை. கூரையில் ஓரிரு கண்ணாடித் தகடு போட்டால் பகலில் விளக்கே தேவைப்படாது.

கழற்றிய பழைய டியூபில் பாதரசம் உண்டு. உணவுப் பொருள் உள்ள இடத்தில் உடைக்கக் கூடாது. முழுதாக எடுத்து மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள்.

இன்று கடை சாத்துமுன் எத்தனை விளக்கு, எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று சிட்டையில் எழுதுங்கள். உங்கள் மின் கட்டண விகிதத்தால் பெருக்குங்கள். அதிக நேரம் எரியும் விளக்கை முதலில் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாதவர்கள், முதல் விளக்குகள் தரும் மிச்சத்தைக் கொண்டே அடுத்ததை வாங்கலாம்.