உரிமம் கையில், ஒழுங்கு எங்கே?

ஊரிலிருந்து தில்லிக்கு வரும் உறவினர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஊரில் எப்படித்தான் வண்டி ஓட்டுகிறீர்கள்?" நாமும் சிரித்துக்கொண்டே, "பழகிவிட்டது" என்கிறோம். பழகிப் போனதுதான் வினை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,80,583 சாலை விபத்துகள் நடந்தன. அவற்றில் 1,72,890 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்கு 470 பேருக்கு மேல்! இறந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கும் அதிகமானோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், பாவம், சாலையில் நடந்து சென்றவர். ஸ்கூட்டரும் நடையுமாகக் காலம் தள்ளும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல.

அண்மையில் சங்கத்து நண்பர்கள் சிலர் பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. "லைசென்ஸ் கொடுப்பதை இன்னும் கடுமையாக்க வேண்டும்" என்றார் ஒருவர். "சட்டமெல்லாம் போதும் சார், அமல்படுத்தத்தான் ஆளில்லை" என்றார் மற்றொருவர். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. என் மனத்தில் பட்டதை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

தினமும் காணும் காட்சிகள்

நான் தில்லியில் ஸ்கூட்டர் ஓட்டத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. யமுனைக்கு அக்கரையில் வீடு. வேலை பார்த்த இடம் மத்திய தில்லி. இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவரும் பழக்கங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

வண்டி திரும்பும் இடம் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையிலேயே வருவது. சிக்னலில் நிறுத்தக் கோட்டைத் தாண்டி, நடப்பவர்கள் கடக்க வேண்டிய வரிக்கோடுகளின் மேலேயே வண்டியை நிறுத்துவது. பச்சை விளக்கு எரியும் முன்பே பின்னாலிருந்து ஹாரன் அடிப்பது. நல்ல வெளிச்சமுள்ள சாலையிலும் எதிரே வருபவர் கண் கூசும்படி ஹெட்லைட்டை உயர்த்தி வைப்பது. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போய், போலீஸ்காரரைக் கண்டதும் தலைக்கு மாற்றுவது.

இவற்றில் ஒன்றுகூட வண்டி ஓட்டத் தெரியாததால் வருவதில்லை. எதிர்த்திசையில் நெளிந்து வருகிறவருக்கு வண்டி நன்றாகவே வசப்பட்டிருக்கிறது! அடுத்தவனும் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை.

ஏட்டில் உள்ள கண்டிப்பு

நம் உரிம முறை அப்படியொன்றும் தளர்ந்ததல்ல. 1989 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, முதலில் பழகுநர் உரிமம். முப்பது நாள் கழிந்த பின்பே ஓட்டிக் காட்டும் தேர்வு. தேறாவிட்டால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். படிக்கும்போது குறை சொல்ல இடமில்லை.

நடந்தது என்ன? 2004-05-ல் இதே தில்லியில் பொருளாதார அறிஞர்கள் நால்வர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவர்களில் ஒருவர் நம்மவர், செந்தில் முல்லைநாதன். உரிமத்துக்கு விண்ணப்பித்த 822 பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவுகளைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உரிமம் பெற்றவர்களில் ஏறக்குறைய 71 சதவீதம் பேர் ஓட்டுநர் தேர்வுக்கே போகவில்லை. ஆய்வாளர்கள் தாங்களே தனியாகச் சோதித்தபோது, உரிமம் வாங்கியவர்களில் 62 சதவீதம் பேருக்குச் சரியாக ஓட்டத் தெரியவில்லை. அரசுக் கட்டணம் 450 ரூபாய்; சராசரியாக அவர்கள் செலவழித்தது சுமார் 1,120 ரூபாய். மிச்சப் பணத்தில் பெரும்பகுதி போன இடம் இடைத்தரகர், அதாவது நாம் "ஏஜெண்ட்" என்று மரியாதையாக அழைக்கும் நபர்.

அதைவிட வருத்தமான செய்தி, நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களும் ஏஜெண்ட் இல்லாமல் போனால் காரணமில்லாமல் தோற்கடிக்கப்பட்டார்கள் என்பது. ஒழுங்காகக் கற்றவனுக்கு அலைச்சல், பணம் கொடுத்தவனுக்கு உரிமம் என்றால், யார் கற்றுக்கொள்ள முன்வருவார்கள்?

இயந்திரத்திடம் சிபாரிசு செல்லாது

இது இருபது ஆண்டுக்கு முந்தைய நிலை. பின்னர் தில்லியில் தானியங்கிச் சோதனைத் தடங்கள் வந்தன. கேமராவும் கருவிகளும் கோட்டைத் தொட்டாயா, ஏற்றத்தில் வண்டி பின்னால் சரிந்ததா என்று பார்த்துக் குறித்துக்கொள்கின்றன. அவற்றுக்கு மாமாவும் தெரியாது, மச்சானும் தெரியாது.

என் மகள் அப்படி ஒரு தடத்தில் முதல் முறை பின்னோக்கி ஓட்டுவதில் தவறிவிட்டாள். இரண்டாம் முறையும் அதே இடம். உறவினர் ஒருவர் போன் செய்து, "எதுக்கு மாமா குழந்தையை அலைக்கழிக்கிறீங்க? எனக்கு ஒரு ஆளைத் தெரியும்" என்றார். நான் பதில் சொல்லும் முன் அவளே, "வேண்டாம்ப்பா. எனக்கு இன்னும் ரிவர்ஸ் சரியா வரலை, அதான் உண்மை" என்றாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காலியான மைதானத்தில் பழகினாள். மூன்றாம் முறை தேறினாள். இன்று அவள் எங்கள் குறுகலான தெருவில் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தாலும் எனக்குப் பதற்றம் இல்லை. அந்த இரண்டு தோல்விகளின் பயன் அது.

ஆகவே தேர்வு கடுமையாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், அது உண்மையாக நடக்கட்டும்.

தேர்வுக்குப் பிறகு?

ஆனால் தடத்தில் பத்து நிமிடம் ஒழுங்காக ஓட்டியவர் வெளியே வந்து எப்படி ஓட்டுவார் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. இன்றைய சட்டப்படி முப்பது வயதுக்குள் உரிமம் பெறுபவருக்கு அது நாற்பது வயது வரை செல்லும். பதினெட்டில் ஒரு முறை தேறிய பிள்ளைக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கவலை இல்லை!

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி தில்லியிலேயே உண்டு. 1997 நவம்பரில் வஜீராபாதில் பள்ளிப் பேருந்து ஒன்று யமுனையில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். பழைய தில்லிவாசிகள் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளின்படி, பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குக் கனரக வாகனத்தில் ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டுவது போன்ற குற்றங்களுக்காக ஆண்டில் இரு முறைக்கு மேல் சலான் வாங்கியவரை அமர்த்தக் கூடாது. அதிவேகத்துக்கோ குடித்துவிட்டு ஓட்டியதற்கோ ஒரு முறை பிடிபட்டிருந்தாலும் கூடாது.

நடத்தையைப் பார்த்து அனுமதிக்கும் இந்த முறை நம் எல்லோருக்கும் ஏன் பொருந்தக் கூடாது? உரிமத்தை நிறுத்தி வைக்கச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. என் பழக்க வட்டத்தில் சலான் கட்டியவர்கள் பலர். உரிமத்தை இழந்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. பணம் கட்டினால் கணக்குத் தீர்ந்தது என்ற நிலை மாறினால்தான் கை தானாக பிரேக்கை நாடும். நாற்பது வயதில் புதுப்பிக்கும்போது ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொன்னாலும் தவறில்லை.

நம் வீட்டில் தொடங்குவோம்

அரசு செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்கட்டும். நம் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பிலேயே டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போகிறார்கள். பதினாறு வயதில் உரிமம் உண்டே என்று வாதிடுகிறவர்கள், அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே என்பதை மறந்துவிடுகிறார்கள். வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சிசிக்கு மேல். 2019-ல் திருத்திய சட்டப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. "பக்கத்துத் தெருதானே" என்று சாவியைக் கொடுக்கும் பெற்றோர் இதை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2021 முதல் தில்லியில் பழகுநர் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். நல்ல வசதிதான். பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்லித் தராதீர்கள். அப்படிச் சொல்லித் தந்த விடை சாலையில் உதவிக்கு வராது.

வீட்டுப் பெண்மணிகளுக்கும் ஒரு வார்த்தை. 2014 வரை தில்லியில் பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமாக இல்லை. அந்தப் பழக்கம் இன்னும் சிலரை விடவில்லை. பின்னால் உட்கார்ந்து போகிறவர் தலையும் தலைதானே!

நம் சங்கம் ஒரு காரியம் செய்யலாம். புதிதாக உரிமம் பெற விரும்பும் இளைஞர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும், சாலை விதிகளையும் சின்னங்களையும் தமிழில் விளக்கும் வகுப்பை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நடத்தலாம். ஓய்வு பெற்ற அன்பர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். நானும் வரத் தயார். வகுப்புக்கு வருகிறவர்களிடம் ஒரே ஒரு வாக்குறுதி கேட்போம்: ஏஜெண்டிடம் போவதில்லை என்று.